டாஸ் சென்ற வழியும் செல்லாத வழிகளும்



வரலாறு என்பது நடந்தவற்றின் தொகுப்பு என்று தொடக்கப் பள்ளியிலே கற்கிறோம். அஃது உண்மையே. ஆயினும், நடந்தது ஒன்றே நடக்கக்கூடியதாக இருந்தது என்று எண்ணிவிடுதல் பிழை. ஒவ்வொரு காலத்திலும் மனிதர்முன் பல வழிகள் கிடந்தன. அவற்றுள் ஒன்றைத் தெரிந்தோ தெரியாமலோ அவர்கள் மேற்கொண்டார்கள். மற்றவை புல் மூடிப்போயின. மேற்கொண்ட வழியின் இயல்பை நன்கு அறிய வேண்டுமாயின், கைவிட்ட வழிகளிலும் சிறிது தூரம் நடந்து பார்த்தல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளி மாணவர்களுக்கு இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நகருக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. இரண்டற்கும் இடையே திருவரங்கத் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும், காவிரியின் படுகை மணல் மேடிட்டும் போயின. தண்ணீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு ஓடிற்று. தஞ்சை வயல்கள் வாடின. 1836ஆம் ஆண்டு தொடங்கி, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். தண்ணீர் காவிரிப் பக்கம் திரும்பியது. பின்னர் அது மிகுந்து காவிரிப் படுகையை அரிக்கத் தொடங்கவே, அங்கும் ஒரு தடுப்பு வேண்டியதாயிற்று. தலைப்பில் சில அடி உயர வேறுபாடு. கடைமடையில் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வும் தாழ்வும்!

இத்தகைய தலைப்பு ஒன்று கணிப்பொறியின் வரலாற்றிலும் உண்டு. அதன் கடைமடையில் நின்றவர்களுள் தமிழராகிய நாமும் இருந்தோம். எம்.எஸ். டாஸ் என்னும் இயங்குதளம் எவ்வாறு தோன்றியது, வேறு எவ்வாறெல்லாம் அது வளர்ந்திருக்கக்கூடும், அவ்வாறு வளர்ந்திருப்பின் நமக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பவற்றை இன்று ஆராய்வோம்.

இன்றைய மாணவர் பலர் டாஸைக் கண்டதில்லை. கணிப்பொறியை இயக்கினால் கரிய திரை தோன்றும். அதில் ஓர் ஆங்கில எழுத்தும் அதனருகே துடிக்கும் சிறு கோடும் நிற்கும். படங்களோ சுட்டும் பொறியோ இல்லை. நீங்கள் கட்டளையை எழுத்துப் பிசகாமல் தட்டச்சிட வேண்டும். பிசகினால், 'தவறான கட்டளை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி விடையாக வரும். 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் உடைய அத்திரையே அக்காலத்து உலகம்.

இயங்குதளம் என்பது யாது? திருவரங்கம் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு திருச்சுற்றுகள், அவற்றுள் வெளிச்சுற்றுகள் மக்கள் வாழும் வீதிகள், உள்ளே செல்லச் செல்லக் கட்டுப்பாடு மிகும். வழிபட வருவோர் ஒவ்வொரு வாயிலாகக் கடந்தே கருவறையை நெருங்க வேண்டும். கணிப்பொறியின் அமைப்பும் ஏறத்தாழ அத்தகையதே. வெளியே நாம், அடுத்து நம் கட்டளையைப் பெறும் பகுதி, அதற்கும் உள்ளே கோப்புகளையும் நினைவகத்தையும் ஆளும் பகுதி, அதற்கும் உள்ளே விசைப்பலகை, திரை, வட்டு ஆகியவற்றோடு நேரே பேசும் பகுதி, நடுவே பொறி. இந்தச் சுற்றுகளை வகுத்து, யார் எந்த வாயில் வரை செல்லலாம் என்று முறைப்படுத்துவதே இயங்குதளத்தின் பணி.

இனி, முதற் பிரிவுக்கு வருவோம். அமெரிக்காவில் கேரி கில்டால் என்பார் 1974ஆம் ஆண்டு, இன்டெல் 8080 என்னும் நுண்செயலிக்காகச் சி.பி./எம். என்ற இயங்குதளத்தை எழுதினார். பொறியோடு நேரே பேசும் பகுதியை அவர் தனியே பிரித்து வைத்தார். அதனால், வேறொரு நிறுவனத்தின் பொறியில் இயக்க வேண்டுமானால் அச்சிறு பகுதியை மட்டும் மாற்றி எழுதினாற் போதும். இந்த எளிய சிந்தனையால், சிறு கணிப்பொறிகளின் பொதுத்தளமாகச் சி.பி./எம். சில ஆண்டுகளில் உயர்ந்தது.

1980இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறி ஒன்றை விரைந்து செய்ய முற்பட்டது. இயங்குதளம் வேண்டிக் கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை அணுகியது, உடன்பாடு ஏற்படவில்லை. ஐ.பி.எம்.முக்கு மொழித் தொகுப்பு அளிக்க ஒப்பியிருந்த மைக்ரோசாப்ட் நிறுவனம், இயங்குதளமும் தருவதாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதன் கையில் அப்போது அத்தகைய தளம் இல்லை. சியாட்டில் நகரில் டிம் பேட்டர்சன் என்னும் இளைஞர், தம் நிறுவனத்தின் புதிய 8086 பலகைக்கு ஏற்ற சி.பி./எம். வரத் தாமதமானமையால், தாமே ஒன்றை எழுதி வைத்திருந்தார். 'விரைவாகவும் ஒப்பேற்றலாகவும் செய்தது' என்னும் பொருளில் அவர்களே அதற்கு விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார்கள். அதைப் பயன்படுத்தும் உரிமையை மைக்ரோசாப்ட் முதலில் 25,000 டாலருக்குப் பெற்றது. 1981 சூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்து முழுவதையும் வாங்கிக்கொண்டது. 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். கணிப்பொறி வெளியாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஐ.பி.எம். தன் பொறிக்குச் சி.பி./எம்.மின் புதிய பதிப்பையும் விற்றது. ஆனால் டாஸின் விலை 40 டாலர், சி.பி./எம்.மின் விலை 240 டாலர். அதுவும் சில மாதங்கள் பிந்தியே வந்தது. மக்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. தரத்தின் போட்டி நடைபெறுமுன் விலையின் போட்டி முடிந்துவிட்டது.

சி.பி./எம். வென்றிருந்தால்? தொடக்கத்தில் பெரிய வேறுபாடு தோன்றியிராது. வட்டுகளுக்கு 'ஏ', 'பி' என்று பெயரிடுதல், கோப்பின் பெயருக்கு எட்டெழுத்தும் அதன் வகைக்கு மூன்றெழுத்தும் அளித்தல் ஆகிய வழக்கங்களை டாஸ் அதனிடமிருந்தே பெற்றது. ஆனால் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய வடிவம் ஒன்றை 1979இலேயே வெளியிட்டிருந்தது. ஆகவே, ஒரு பொறியில் பல வேலைகள் ஒருங்கே நடைபெறுதல் என்பது சில ஆண்டுகள் முந்தியே பொதுமக்களுக்குக் கிட்டியிருக்கலாம்.

எனினும், நடந்த வழியின் நன்மையையும் மறைத்தல் நேர்மையன்று. டாஸைப் பிறருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால், ஐ.பி.எம். பொறியைப் போன்ற பொறிகளைப் பல நிறுவனங்கள் செய்தன. விலை படிப்படியாகக் குறைந்தது. அந்த மலிவே 1990களில் கணிப்பொறியை நம் ஊர்களுக்குக் கொணர்ந்தது. தட்டச்சுப் பயிலகங்கள் இருந்த தெருக்களில் கணிப்பொறிப் பயிலகங்கள் தோன்றின. ஐ.பி.எம். டாஸைத் தனியுடைமையாக்கி இருந்திருப்பின், அக்காலத்து நடுத்தரக் குடும்பத்து இளைஞர் ஒருவர் விசைப்பலகையில் கைவைக்க மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

இரண்டாவது பிரிவு 1983ஆம் ஆண்டினது. டாஸின் முதற் பதிப்பில் கோப்புகளை உட்பிரிவுகளாக வகைப்படுத்தும் ஏற்பாடு இல்லை; எல்லாம் ஒரே குவியல். ஐ.பி.எம். 10 மெகாபைட் கொள்ளும் வன்தட்டுடன் புதிய பொறியைச் செய்தபோது, அக்குவியல் உதவாதென்பது தெளிவாயிற்று. யூனிக்ஸ் என்னும் பல்பயனர் இயங்குதளத்திலிருந்து, ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் அடைவுகளை டாஸ் 2.0 கடன்கொண்டது. யூனிக்ஸில் அடைவுகளைப் பிரித்துக் காட்டுவது வலப்புறம் சாய்ந்த கோடு. ஆனால் டாஸின் முதற்பதிப்பில் அக்கோடு வேறு பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எனவே இடப்புறம் சாய்ந்த கோட்டைக் கொண்டார்கள். அந்தக் கோடு இன்றும் விண்டோஸ் கணிப்பொறிகளில் நின்றுகொண்டிருக்கிறது. இணைய முகவரிகளிலோ வலப்புறக் கோடு. இரண்டையும் மாற்றி எழுதி மாணவர் இடர்ப்படுவதன் காரணம் இதுவே.

மற்றுமொரு சான்று கூறுவேன். 'சி-ஓ-என்' என்ற மூன்றெழுத்துப் பெயரில் கோப்புறை ஒன்றை உருவாக்க முடியாது என்பதை நம் மாணவர்கள் ஒரு மாயமாகப் பேசிக்கொண்ட காலம் உண்டு. அதில் மாயம் ஒன்றும் இல்லை. டாஸின் முதற்பதிப்பில் விசைப்பலகையையும் திரையையும் குறிக்கும் பெயர் அது. அடைவுகள் வந்த பின்னும், பழைய நிரல்கள் பழுதுபடாமல் இருக்கும்பொருட்டு, எல்லா அடைவுகளிலும் அப்பெயரை ஒதுக்கியே வைத்தார்கள். தாத்தா வைத்த பூட்டுக்குப் பேரன் திறவுகோல் தேடிய கதை அது!

அந்த ஆண்டுகளில் மைக்ரோசாப்டிடம் யூனிக்ஸை ஒட்டிய 'ஜெனிக்ஸ்' என்னும் மற்றொரு தளமும் இருந்தது. டாஸைச் சிறிது சிறிதாக அதன் பக்கம் வளர்த்துச் செல்வது என்பதே அவர்கள் எண்ணமாக இருந்தது. அவ்வாறு நிகழ்ந்திருப்பின், ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணக்கு, ஒருவர் கோப்பை மற்றவர் தொடாத காவல், பல வேலைகள் ஒருங்கே நடைபெறும் வசதி ஆகியவை இல்லந்தோறும் இருந்த கணிப்பொறிகளில் முன்னரே அமைந்திருக்கும். டாஸ் காலத்து நச்சுநிரல்களும் அத்துணை எளிதாகப் பரவியிரா.

ஏன் அவ்வழி செல்லவில்லை? திருச்சுற்று உவமையை மீண்டும் நினைவுகொள்க. டாஸில் மதில்கள் இருந்தன, காவல் இல்லை. முதற் பொறியின் நுண்செயலியிலேயே அக்காவலுக்கு இடமில்லை. திரையில் எழுத்தை விரைந்து காட்ட விரும்பிய நிரலாளர்கள், வாயில் வழியே செல்லாமல் மதிலேறிக் குதித்து, திரையின் நினைவகத்தில் தாமே எழுதினார்கள். வேகம் கிடைத்தது, ஆனால் மதிலை இனி உயர்த்த முடியாத நிலையும் வந்தது. உயர்த்தினால், மக்கள் பணங்கொடுத்து வாங்கிய நிரல்கள் ஓடா. நிரல்களுக்கு 640 கிலோபைட் நினைவகம் என்று முதற் பொறியில் வகுத்த எல்லையும் இவ்வாறே நிலைத்தது. 1987இல் ஐ.பி.எம்.மும் மைக்ரோசாப்டும் சேர்ந்து ஓ.எஸ்./2 என்னும் காவலுள்ள தளத்தைக் கொணர்ந்தபோது, அதன் முதற்பதிப்பில் பழைய டாஸ் நிரல் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மக்கள் பழைய வீட்டைவிட்டுப் புதிய வீட்டுக்குக் குடிபெயரவில்லை. பழக்கத்தின் வலிமை அத்தகையது.

நம் நாட்டுக்கும் அப்போது ஒரு தனிவழி திறந்திருந்தது. 1984இல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்ப மைய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. அப்பள்ளிகளுக்கு வந்தவை டாஸ் பொறிகள் அல்ல; இங்கிலாந்தில் கல்விக்கென்றே செய்யப்பட்ட பி.பி.சி. மைக்ரோ பொறிகள். இயங்குதளம் அவற்றின் உள்ளேயே சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. இயக்கியவுடன் மாணவன் நிரல் எழுதத் தொடங்கலாம். வணிக உலகம் டாஸின் பின் சென்றபோது பள்ளிகளும் அதன் பின்னேயே சென்றன. கல்விக்குத் தனிப் பொறி என்னும் அவ்வழி நம் நாட்டில் வளரவில்லை.

மூன்றாவது பிரிவே தமிழருக்கு மிக நெருங்கியது. அது எழுத்தைப் பற்றியது.

ஐ.பி.எம். பொறியில் எழுத்துகளுக்கென 256 இடங்கள் இருந்தன. முதற்பாதி 128 இடங்களில் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் அமர்ந்தன. பிற்பாதியில் ஐரோப்பிய மொழிகளின் சில எழுத்துகள், கட்டம் வரையும் கோடுகள், கணிதக் குறிகள் ஆகியவை இடம்பெற்றன. 1987இல் வெளிவந்த டாஸ் 3.3, பிற்பாதியை மொழிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதியை அளித்தது. போர்த்துக்கீசியத்துக்கு ஒரு பட்டியல், கனடா நாட்டுப் பிரெஞ்சுக்கு ஒன்று, டென்மார்க்கு, நார்வே மொழிகளுக்கு ஒன்று எனப் பட்டியல்கள் வந்தன. தமிழுக்கு வரவில்லை. டென்மார்க்கு, நார்வே ஆகிய இரு நாட்டு மக்களையும் கூட்டினாலும் தமிழ்நாட்டு மக்களில் நாலில் ஒரு பங்குக்கு எட்டாது என்பதைக் கருதுங்கள்.

தமிழை அங்கே அமர்த்த இயலாதா? இயலும். நம் எழுத்துகள் 247 ஆயினும், துணைக்கால், கொம்பு, புள்ளி முதலியவற்றைப் பிரித்துக்கொண்டால் 128 இடங்களுக்குள் அடக்கிவிடலாம். தட்டச்சுப் பொறி அவ்வழியை முன்னரே காட்டியிருந்தது. ஆர்வலர் சிலர் தாமே முயன்று வென்றும் காட்டினார்கள். கனடாவில் முனைவர் சீனிவாசன் டாஸில் இயங்கும் 'ஆதமி' என்னும் தமிழ்ச் சொற்செயலியை 1980களில் ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் மென்பொருளை உருவாக்கினார். கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி, பின்னர் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' என்னும் அட்டையைக் கணிப்பொறியிற் செருகினால், டாஸ் நிரல்களிலேயே இந்திய எழுத்துகள் தோன்றின.

முயற்சிகள் இருந்தன, பொதுமுறை இல்லை. ஒருவர் 'க'வை வைத்த இடத்தில் மற்றொருவர் 'ழ'வை வைத்தார். இதன் துன்பத்தை ஆசிரியர்கள் நன்கு அறிவோம். ஒரு கடையில் தட்டச்சிட்ட தமிழ் வினாத்தாளை நெகிழ்வட்டில் வாங்கிக்கொண்டு வேறொரு கடைக்குச் சென்றால், திரையில் வருவது தமிழன்று. பொருளற்ற குறிகளின் அணிவகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய மாலையில், நல்ல தமிழ் வினாத்தாளை முதலிலிருந்து மீண்டும் தட்டச்சிடச் செய்த அனுபவம் எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை உண்டு. அன்று வட்டுகளில் எழுதி வைக்கப்பட்ட எத்தனையோ மலர்களும் அகராதிக் குறிப்புகளும் இன்று திறப்பாரின்றிக் கிடக்கின்றன.

இப்போது ஜப்பானைப் பாருங்கள். அவர்கள் எழுத்துகள் ஆயிரக்கணக்கானவை; 256 இடங்களில் எவ்வாற்றானும் அடங்கா. ஆயினும், ஐ.பி.எம். பொறி பிறப்பதற்கு மூன்றாண்டு முந்தியே, 1978இல், 6,000க்கும் மேற்பட்ட தம் எழுத்துகளுக்கு எண்ணிட்டு நாட்டின் தரமாக அவர்கள் அறிவித்துவிட்டார்கள். 1982இல் என்.இ.சி. நிறுவனம் அவ்வெழுத்துகளைக் காட்டும் தனிப் பொறியைச் செய்தது. 1990இல் சாதாரணக் கணிப்பொறியிலேயே மென்பொருளால் ஜப்பானிய எழுத்தைக் காட்டும் 'டாஸ்/வி' என்னும் பதிப்பும் வந்தது. டாஸ் அவர்கள் மொழிக்கு வளைந்தது.

அதே 1978இல் நாமும் எழுத்தைப் பற்றி ஒரு பெரிய முடிவு எடுத்தோம். பெரியார் பரிந்துரைத்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டிலேயே ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய தனிவடிவங்கள் மறைந்தன. அச்சுக் கோப்பவர் பணியும் எளிதாயிற்று. ஒரே ஆண்டில் அவர்கள் எழுத்துக்கு எண் இட்டார்கள். நாம் எழுத்தின் வடிவைத் திருத்தினோம். நம் செயல் சிறிதன்று. ஆனால் வடிவைத் திருத்திய கையோடு எண்ணையும் இட்டிருந்தால், 1987இல் டாஸின் பட்டியல்கள் வகுக்கப்பட்டபோது, 'இதோ எங்கள் தரம்' என்று நீட்ட நம்மிடமும் ஓர் ஏடு இருந்திருக்கும்.

அஃது ஒன்றாலேயே எல்லாம் கைகூடியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானியர் தாமே பொறி செய்தார்கள்; அவர்களிடம் பெரிய சந்தையும் இருந்தது. நம்மிடம் அவை இல்லை. எனினும், தரம் ஒன்று இருந்திருந்தால், ஆர்வலர்கள் தனித்தனியே உழைத்த உழைப்பாவது ஒன்றுசேர்ந்திருக்கும்.

நடந்தது வேறு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த 'இஸ்கி' என்னும் முறை 1991இல் இந்தியத் தரமாயிற்று. உலக எழுத்துகளையெல்லாம் ஒருங்கே எண்ணிட முற்பட்ட யூனிகோடு, அதே ஆண்டில், இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்களை வகுத்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு பொதுக் குறியீட்டு முறைகளையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் ஏற்றபோது, டாஸின் காலம் முடிந்துவிட்டிருந்தது. மெய்யையும் உயிரையும் அடிப்படையாகவும், உயிர்மெய்யை அவற்றின் கூட்டாகவும் கொள்வது நம் இலக்கணம். யூனிகோட்டிலோ அகரமேறிய 'க' ஓர் எண். 'க்' என்னும் மெய் எழுத, அதனோடு புள்ளிக்கு மற்றோர் எண் சேர வேண்டும். ஒருமுறை இட்ட எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோட்டின் விதி. அவ்விதி நன்மைக்கே, மாற்றினால் எழுதியன யாவும் பாழாம். ஆகையால் தலைப்பில் நாம் இல்லாத நேரத்தில் திறந்த மதகின் வழியே இன்றும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களே, இம்மூன்று பிரிவுகளையும் சேர்த்து நோக்கினால் விளங்குவது ஒன்று. பொதுவாகிவிட்ட கருவிகள் மிகச் சிறந்தவையாக இருந்தமையால் மட்டும் பொதுவாகவில்லை. உரிய வேளையில், உரிய விலையில் கைக்கு எட்டியமையால் பொதுவாயின. பொதுவான பின், அவற்றின் குறைகளும் பொதுவாயின. மில்லியன் கணக்கானோர் பழகிய ஒன்றைத் திருத்துவது, ஒருவர் மேசைமேல் இருக்கும்போது திருத்துவதைவிடப் பன்மடங்கு கடினம். எனவே, ஒரு முறை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்திலேயே நம் தேவையை எடுத்துரைப்பார் அங்கே இருத்தல் வேண்டும்.

டாஸ் இன்று வணிகப் பொருளன்று; படிப்பதற்குரிய ஏடாகிவிட்டது. அதன் தொடக்கப் பதிப்புகளின் மூலநிரலை மைக்ரோசாப்ட் 2014இல் ஓர் அருங்காட்சியகத்தின் வழியே வெளிப்படுத்தியது, 2024இல் 4.0 பதிப்பின் மூலநிரலையும் வெளியிட்டது. அமெரிக்காவில் ஜிம் ஹால் என்னும் மாணவர் 1994இல் தொடங்கிய 'பிரீடாஸ்' என்னும் கட்டற்ற வடிவமும் கிடைக்கிறது. கல்லூரி மாணவர்கள் அவற்றை வாங்கிப் படியுங்கள். எந்த வரியில் எந்த வழி மூடப்பட்டது என்பதைக் கண்டறிவது நல்லதொரு வரலாற்றுப் பயிற்சியாகும்.

பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறிகளும், மொழிபெயர்க்கும் பொறிகளும், கட்டுரை எழுதும் பொறிகளும் உங்கள் காலத்தில் உருவாகிவருகின்றன. அவற்றுக்கான முறைகளும் அளவுகளும் எங்கோ சில மேசைகளில் இப்போதே எழுதப்படுகின்றன. கணிதமும் கணிப்பொறியும் கற்போர் தமிழிலக்கணத்தையும், தமிழ் கற்போர் கணிப்பொறியையும் அறிந்து அம்மேசைகளுக்குச் செல்லுங்கள். கடைமடையில் நின்று தண்ணீருக்காக ஏங்கிய தலைமுறை எங்களுடையது. தலைப்பில் நின்று மதகைத் திறக்கும் தலைமுறை உங்களுடையதாகுக.